கீழ்காய்நெல்லியைச் சோதித்த நோபல் விஞ்ஞானியும் உன்னிச்சைத் தாய்மாரும்

உன்னிச்சையில் மச்சாள் வீட்டுத் திண்ணையில் ஒரு சுளகு நிறையக் கீழ்காய்நெல்லி காய்ந்துகொண்டிருந்தது. வீட்டில் யாருக்கும் செங்கண்மாரி இல்லை. மச்சாளின் மூத்த மகளுக்கு இது ஏழாம் மாதம், தலைப்பிள்ளை. அந்தரம் அவசரத்துக்குக் கையில் இருக்கட்டும் என்று வயல் வரம்பில் பிடுங்கிவந்து நிழலில் பரப்பியிருந்தார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். 2007 மார்ச்சில் படுவான்கரையிலிருந்து சனம் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்தபோது மச்சாளுக்கு எட்டாம் மாதம். இன்று தாயாகப் போகிற இதே மகள் அப்போது நடை பழகி முடிந்த சிறுபிள்ளை. முகாமில் கூடாரத்துக்குள் மச்சாளுக்குக் காய்ச்சலும் ஓங்காளமும் வந்தன. மூன்றாம் நாள் கண் மஞ்சளாகியது. பெரியவர்கள் எங்கெங்கோ தேடிக் கீழ்காய்நெல்லி கொண்டுவந்து அரைத்து மோரில் கொடுத்தார்கள். உப்பும் எண்ணெயும் விலக்கிப் பத்தியம் வைத்தார்கள். ஒரு கிழமை அப்படியே போனது. கதை தடுமாறத் தொடங்கிய பிறகுதான் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். மச்சாள் பிழைத்தார். பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. அப்போது எனக்கு 16 வயது.

அது எந்தக் கிருமியால் வந்த செங்கண்மாரி என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. செங்கண்மாரி என்பது ஒரே நோய் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். அது ஈரல் பழுதுபடுவதன் அடையாளம் மட்டுமே என்பதையும், அதற்குப் பின்னால் வெவ்வேறு வைரசுகள் இருக்கலாம் என்பதையும், கர்ப்பகாலத்தில் அவை ஒவ்வொன்றும் தாயையும் பிள்ளையையும் வெவ்வேறு விதமாகத் தாக்கும் என்பதையும் பல ஆண்டுகள் கழித்து வாசித்துத்தான் அறிந்தேன். அந்த வாசிப்பில் ஒரு மனிதரின் வாழ்க்கை திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டது. ஈரலைத் தாக்கும் வைரசுகளில் ஒன்றை முதன்முதலில் கண்டுபிடித்தவர் அவர். அதற்கான தடுப்பூசிக்கு வழி காட்டியவரும் அவரே. மச்சாளின் சுளகில் காய்ந்த அதே செடியை ஆய்வுகூடத்தில் சோதித்தவர்களில் ஒருவரும் அவர்தான். பெயர் பாரூக் புளும்பெர்க்.

பிரசவம் பார்த்த மாணவர்

புளும்பெர்க் 1925 யூலை 28ஆம் திகதி நியூயோர்க் நகரின் புரூக்லின் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தாத்தா, பாட்டிமார் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்கு வந்தவர்கள். தந்தை சட்டத்தரணி. சிறுவயதில் யூத சமயப் பாடசாலையில் எபிரேய மொழியும் வேதநூல்களும் படித்தார். ஒரு வசனத்தை எடுத்து அதன் பொருளை எல்லாப் பக்கத்தாலும் வாதித்துப் பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது. பின்னாளில் ஆய்வுகூடத்திலும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது 1943இல் கடற்படையில் சேர்ந்து தரையிறங்கு கப்பல்களில் அதிகாரியாகப் பணியாற்றினார். போர் முடிந்ததும் பௌதிகவியலில் பட்டம் பெற்று, கணிதத்தில் மேற்படிப்பைத் தொடங்கினார். மருத்துவம் படித்தால் என்ன என்று யோசனை சொன்னவர் தந்தை. 1947இல் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

மருத்துவப் படிப்பின் இடையில் சில மாதங்கள் தென்னமெரிக்காவின் வடகரையில் இருக்கும் சுரினாம் நாட்டுக்குப் போனார். மொயெங்கோ என்ற சுரங்க ஊர். சுற்றிலும் சதுப்பு நிலமும் காடும். அங்கே அவர் பிரசவங்கள் பார்த்தார், நோயாளிகளைக் கவனித்தார், மலேரியாக் கணக்கெடுப்பு ஒன்றையும் நடத்தினார்.

எங்கள் மலையகத்தைப் போலவே சுரினாமுக்கும் தோட்ட வேலைக்கு வெளிநாடுகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்கள், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தோரின் பிள்ளைகள், யாவாத் தீவினர், சீனர் எல்லோரும் அடுத்தடுத்து வாழ்ந்தார்கள். ஒரே நுளம்புதான் அவர்களைக் கடித்தது. ஆனால் யானைக்கால் நோய்க் கிருமி எல்லாச் சமூகத்தையும் ஒரே அளவில் பாதிக்கவில்லை. ஒரே கிருமி ஒருவரைப் படுக்கையில் தள்ளும்போது இன்னொருவரை ஏன் விட்டுவிடுகிறது என்ற கேள்வி அங்கே அவருக்குள் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் செய்த ஆய்வுகள் பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு விடை தேடியவை.

பெயரில்லாத ஒருவரின் இரத்தம்

படிப்பை முடித்து நியூயோர்க்கின் பெல்வியூ வைத்தியசாலையில் பயிற்சி பெற்றார். நோயாளி ஏழையா பணக்காரரா என்று பாராமல் எல்லோரையும் ஏற்கும் பெரிய அரச வைத்தியசாலை அது. பிறகு இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1957இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் சேர்ந்தார். நைஜீரியாவுக்கும் வேறு பல நாடுகளுக்கும் பயணம் செய்து இரத்த மாதிரிகள் சேகரித்தார். மனிதருக்கு மனிதர் இரத்தப் புரதங்கள் எப்படி வேறுபடுகின்றன என்று அறிவதே நோக்கம். ஈரல் நோய் அவருடைய திட்டத்திலேயே இருக்கவில்லை.

அதற்கு அவர் கையாண்ட முறை எளிது. பல தடவை இரத்தம் ஏற்றப்பட்ட ஒருவரின் உடல், பிறருடைய இரத்தத்தில் இருக்கும் அந்நியப் புரதங்களுக்கு எதிராக எதிர்ப்புப் பொருட்களை உருவாக்கி வைத்திருக்கும். அந்த இரத்தப் பாயத்தை உலகெங்குமிருந்து சேகரித்த மாதிரிகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால், எது எதோடு வினைபுரிகிறது என்று தெரியும். 1963இல், இரத்தம் உறையாத நோயால் அடிக்கடி இரத்தம் ஏற்றப்பட்ட நியூயோர்க் நோயாளி ஒருவரின் பாயம், அவுஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவரின் இரத்தத்தோடு வினைபுரிந்தது. அந்தப் புதிய பொருளுக்கு அவுஸ்திரேலியா அன்டிஜன் என்று பெயர் வைத்தார்கள். பொருளுக்கு நாட்டின் பெயர் கிடைத்தது. இரத்தம் கொடுத்த மனிதரின் பெயர் அதில் இல்லை. அந்த ஆய்வில் புளும்பெர்க்கோடு இருந்தவர் ஹார்வி ஓல்ட்டர். பின்னாளில் ஹெப்பற்றைற்றிஸ் சி வைரசு தொடர்பான பணிக்காக 2020இல் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

அன்டிஜன் கிடைத்தாயிற்று, அது என்னவென்றுதான் தெரியவில்லை. 1964இல் புளும்பெர்க் பிலடெல்பியாவிலுள்ள புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்துக்கு மாறினார். இரத்தப் புற்றுநோயாளிகளிடம் அந்த அன்டிஜன் கூடுதலாகத் தென்பட்டதால் அது இரத்தப் புற்றுநோயோடு தொடர்புடையது என்று முதலில் நினைத்தார். அப்படித்தான் 1965இல் எழுதினார். பிறகு டவுன் நோய்க்குறி உடையவர்களைச் சோதித்தார். பெரிய பராமரிப்பு விடுதிகளில் நெருக்கமாக வாழ்ந்தவர்களிடமும் அது அதிகம் காணப்பட்டது. அவர்களில் ஒருவருக்கு முதல் சோதனையில் இல்லாத அன்டிஜன் அடுத்த சோதனையில் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் அவருக்கு ஈரல் அழற்சி வந்திருந்தது.

1967இல் ஆய்வுகூடத்தில் வேலை செய்த பெண் ஒருவருக்கு உடல் அசதியாக இருந்தது. அவர் தன் இரத்தத்தைத் தானே சோதித்தார். அன்டிஜன் தெரிந்தது. அவருக்கும் ஈரல் அழற்சி. அவர் குணமாகிவிட்டார். ஆனால் விடை கிடைத்துவிட்டது. அந்த அன்டிஜன், ஈரலைத் தாக்கும் ஒரு வைரசின் வெளித்தோல். இன்று அந்த வைரசை ஹெப்பற்றைற்றிஸ் பி என்கிறோம்.

இதனால் முதலில் நன்மை பெற்றவை இரத்த வங்கிகள். கொடையாளியின் இரத்தத்தில் இந்த அன்டிஜன் இருக்கிறதா என்று சோதித்தால், இரத்தம் ஏற்றுவதால் பரவும் ஈரல் அழற்சியைப் பெருமளவு தடுக்கலாம். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அந்தச் சோதனை கட்டாயமாகியது. போரில் காயப்பட்டு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை இரத்தம் ஏற்றப்பட்டவர்கள் எங்கள் வாசகர்களில் பலர் இருப்பீர்கள். இன்று இரத்தப் பைகள் சோதிக்கப்பட்ட பிறகே ஏற்றப்படுவதற்கு இந்தக் கண்டுபிடிப்பும் ஒரு காரணம்.

தாயிடமிருந்து பிள்ளைக்கு

1969இல் புளும்பெர்க்கும் அவருடைய சகா ஏர்விங் மில்மனும் தடுப்பூசிக்கு ஒரு வழி கண்டார்கள். தொற்றுள்ளவரின் இரத்தத்தில் முழு வைரசுகளோடு, வெறும் வெளித்தோல் துணுக்குகளும் ஏராளமாக மிதக்கின்றன. துணுக்குகளால் நோயை உண்டாக்க முடியாது. அவற்றை மட்டும் பிரித்துச் சுத்திகரித்து உடலுக்குக் காட்டினால், உடல் எதிரியை முன்கூட்டியே அடையாளம் கண்டுகொள்ளும். அந்த வழியில் உருவான தடுப்பூசிக்கு அமெரிக்கா 1981இல் அனுமதி வழங்கியது. 1986இல், மனித இரத்தம் தேவையில்லாமல் மதுவத்தில் வளர்த்தெடுக்கும் தடுப்பூசி வந்தது. இடையில் 1976இல் புளும்பெர்க்குக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. கார்ல்டன் கஜ்டுசெக் என்பவரோடு அதைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தத் தடுப்பூசியால் ஒரு தாய்க்கு என்ன பயன் என்பதற்குத் தாய்வான் தீவில் விடை கிடைத்தது. ஹெப்பற்றைற்றிஸ் பி நீண்டகாலத் தொற்றாக மிக அதிகம் பேரிடம் இருந்த இடம் அது. அங்கே 1970களில் நடந்த ஆய்வுகள், தொற்றுள்ள தாயிடமிருந்து பிள்ளைக்கு வைரசு கடத்தப்படுவதைத் தெளிவாகக் காட்டின. கடத்தல் பெரும்பாலும் நடப்பது பிரசவ வேளையில், தாயின் இரத்தம் பிள்ளையில் படும்போது.

கர்ப்பிணிகள் விளங்கிக்கொள்ள வேண்டிய இடம் இது. வளர்ந்த ஒருவருக்கு இந்த வைரசு தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குமேல் உடலே அதை வென்று துரத்திவிடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் கணக்கு தலைகீழாகிறது. சுமார் 90 வீதமான குழந்தைகளில் வைரசு நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. பச்சைப்பிள்ளையின் உடல் அதை எதிரி என்று அறிவதில்லை. பிள்ளைக்குக் கண் மஞ்சளாகாது, காய்ச்சல் வராது, பள்ளிக்கூடம் போகும், விளையாடும். முப்பது நாற்பது வயதில் ஈரல் சுருங்கலாம், அல்லது ஈரலில் புற்றுநோய் வரலாம். தாய்க்கும் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருப்பதில்லை. இரத்தத்தைச் சோதித்தாலன்றித் தனக்குத் தொற்று இருப்பது அவருக்கே தெரியாது.

பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் முதல் ஊசியைப் போட்டு, மீதித் தடவைகளையும் தவறாமல் முடித்தால் இந்தக் கடத்தலைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். தாய்க்குத் தொற்று இருப்பது முன்பே தெரிந்தால், ஊசியோடு ஆயத்த எதிர்ப்புப் பொருளையும் பிள்ளைக்கு ஏற்றுவார்கள். தாயின் இரத்தத்தில் வைரசு மிக அதிகமாக இருந்தால் கர்ப்பத்தின் பிற்பகுதியில் அவருக்கு டெனோபோவிர் மாத்திரையும் கொடுப்பதுண்டு. இவற்றைச் செய்தால் தாய் தயக்கமில்லாமல் தாய்ப்பால் கொடுக்கலாம். தாய்வான் 1984இல் தொற்றுள்ள தாய்மாரின் பிள்ளைகளுக்கும், 1986இலிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த ஊசியைப் போடத் தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அங்கே சிறுவர்களின் ஈரல் புற்றுநோய் குறைந்தது. ஒரு புற்றுநோயைத் தடுத்த முதல் தடுப்பூசி என்று இதைச் சொல்வது அதனால்தான்.

தொடக்கத்தில் இது பணக்கார நாடுகளின் ஊசி. அமெரிக்காவில் மூன்று தடவைகளுக்குமாகச் சுமார் 100 டொலர் ஆனது. 1997இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் இந்தியாவிலேயே இதைத் தயாரித்துச் சந்தைக்கு விட்ட பிறகு இந்தப் பக்கத்து நாடுகளில் விலை இறங்கியது. இலங்கையில் 2003இல் தேசிய நோய்த்தடுப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2008இலிருந்து ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசியின் பகுதியாக 2, 4, 6 மாதங்களில் பிள்ளைகளுக்குப் போடப்படுகிறது. தாய்க்குத் தொற்று இருந்தால் இரண்டாம் மாதம்வரை பொறுத்திருக்க முடியாது. பிறந்த அன்றே போட வேண்டும். அதற்கு, தாயின் இரத்தம் பிரசவத்துக்கு முன்பே சோதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

கீழ்காய்நெல்லிக்கு நடந்த சோதனை

நோபல் பரிசு பெற்ற பிறகும் புளும்பெர்க்கைத் துரத்திய ஒரு குறை இருந்தது. தடுப்பூசி புதிதாகத் தொற்று வராமல் காக்கும். ஏற்கெனவே தொற்றோடு வாழும் கோடிக்கணக்கானோருக்கு அது உதவாது. 1980களில் அவர்களுக்குக் கொடுக்க நல்ல மருந்து எதுவும் இல்லை. அந்த நிலையில் பிலடெல்பியா ஆய்வுகூடம் நாட்டு வைத்தியத்தின் பக்கம் திரும்பியது. செங்கண்மாரிக்குப் பல தேசத்து மக்களும் பயன்படுத்தும் மூலிகைகளைப் பட்டியலிட்டுப் பார்த்தபோது கீழ்காய்நெல்லி முன்னுக்கு வந்தது. வெங்கடேஸ்வரன் என்ற ஆய்வாளரும் மில்மனும் புளும்பெர்க்கும் அதன் சாற்றைச் சோதித்தார்கள். ஆய்வுக் குழாயில் அது வைரசின் பெருக்கத்துக்குத் தேவையான நொதியத்தைத் தடுத்தது. இதே குடும்பத்து வைரசு தொற்றிய வூட்சக் என்ற காட்டு விலங்கிலும் பலன் தெரிந்தது. 1987இல் அந்த முடிவுகள் வெளியாகின.

அடுத்த கட்டம் சென்னையில் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் தலைமையிலான குழு, ஹெப்பற்றைற்றிஸ் பி நீண்டகாலமாகத் தங்கியிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கீழ்காய்நெல்லித் தூளையும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத தூளையும் 30 நாட்கள் கொடுத்தது. கீழ்காய்நெல்லி பெற்ற 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் அன்டிஜன் மறைந்தது. மற்றப் பிரிவில் 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியான அந்தக் கட்டுரையில் புளும்பெர்க்கின் பெயரும் இருந்தது. எங்கள் வயல் வரம்புச் செடிக்கு உலகப் பெயர் கிடைத்த நாள் அது.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாய்லாந்து உட்பட வேறு இடங்களில் அதே செடியை அதே நோக்கத்தோடு கொடுத்துப் பார்த்தபோது அந்தப் பலன் திரும்ப வரவில்லை. ஓரிடத்தில் கிடைத்த பலன் இன்னோரிடத்திலும் கிடைத்தால்தான் அது மருந்து. அந்தப் பரீட்சையில் கீழ்காய்நெல்லி தேறவில்லை.

இதை மூலிகைக்கு எதிரான கதையாக நான் எழுதவில்லை. எங்கள் அம்மம்மாமாரின் மருந்தை நோபல் பரிசு பெற்ற ஒருவர் ஏளனம் செய்து ஒதுக்காமல், தன் ஆய்வுகூடத்துக்குள் எடுத்து முறைப்படி சோதித்தார். அதைவிடப் பெரிய மரியாதை அந்தச் செடிக்கு வேறு கிடைத்திருக்காது. ஆனால் சோதிக்கக் கொடுத்தால் முடிவையும் ஏற்க வேண்டும். சென்னையில் நடந்தது கண் மஞ்சளான கர்ப்பிணிகளுக்கான சோதனையும் அல்ல. கீழ்காய்நெல்லி கர்ப்பிணிக்குப் பாதுகாப்பானது என்று எந்த ஆய்வும் நிறுவவில்லை. அது பலன் தந்ததாக எங்கள் ஊரில் சொல்லப்படும் கதைகள் பொய்யும் அல்ல. தண்ணீராலும் உணவாலும் பரவும் ஹெப்பற்றைற்றிஸ் ஏ பெரும்பாலானோருக்குச் சில கிழமைகளில் தானாகவே மாறிவிடும். அந்தச் சில கிழமையில் எதைக் குடித்திருந்தாலும் அதற்கே பெயர் கிடைக்கும்.

வாவியின் இரு கரையிலும் ஒரே தண்ணீர் இல்லை

புளும்பெர்க் கண்டுபிடித்தது ஒரு வைரசை. கர்ப்பிணிகளை மிக விரைவாகக் கொல்வது வேறொன்று. அது ஹெப்பற்றைற்றிஸ் இ. 1955 முடிவிலும் 1956 தொடக்கத்திலும் டில்லி நகரில் யமுனை ஆற்றிலிருந்து குடிநீர் எடுக்கும் இடத்தில் கழிவுநீர் கலந்தது. சுமார் 29,000 பேருக்குச் செங்கண்மாரி வந்தது. மற்றவர்களைவிடக் கர்ப்பிணிகள் அதிகமாக இறந்தார்கள். காரணம் அப்போது தெரியவில்லை. 1980களில் இ வைரசு அடையாளம் காணப்பட்டு, பாதுகாத்து வைத்திருந்த பழைய இரத்த மாதிரிகளையும் சோதித்த பிறகே டில்லியில் நடந்தது என்னவென்று விளங்கியது.

சாதாரண ஒருவருக்கு இ வைரசு வந்தால் பெரும்பாலும் மாறிவிடும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் வந்தால் நூற்றில் 20 முதல் 25 தாய்மார்வரை இறக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்தம் உறைவதற்கான பொருட்களை உருவாக்குவது ஈரல். ஈரல் செயலிழந்தால் பிரசவத்தில் இரத்தம் நிற்காது. மூளையும் குழம்பும். பிள்ளை மாதம் முந்திப் பிறக்கலாம், வயிற்றிலேயே இறக்கலாம். கதை தடுமாறுவது ஈரல் கைவிடுவதன் அடையாளம் என்பது 2007இல் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஏ வைரசும் இ வைரசும் மலம் கலந்த தண்ணீரால் பரவுகின்றன. அதனால் அவை இடம்பெயர்ந்தோர் முகாம்களைத் தேடி வருகின்றன. 2009இல் வவுனியா முகாம்களில் ஏ வைரசால் செங்கண்மாரி பரவியது பலருக்கு நினைவிருக்கும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு, வாவிக்கு அக்கரையில் மட்டக்களப்பு நகரத்துக் குழாய்களுக்குப் போகிறது. படுவான்கரையில் கிணற்றை நம்பியே இருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. 2011 ஜனவரி வெள்ளம் போல ஒன்று வந்தால் கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே தண்ணீருக்குள் மூழ்கும். வெள்ளம் வடிந்தபின் கிணற்றை இறைத்துக் குளோரின் இடுவதும், கர்ப்பிணி இருக்கும் வீட்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிப்பதும் அங்கே உயிர் காக்கும் வேலை.

கடைசி நாட்கள்

புளும்பெர்க் ஒரு துறைக்குள் அடங்கி இருக்கவில்லை. 1989 முதல் 1994 வரை ஒக்ஸ்போர்ட்டின் பேலியல் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் அமெரிக்கர் அவர்தான். 1999இல் நாசாவில், பூமிக்கு வெளியே உயிர் உண்டா என்று தேடும் நிறுவனத்தை வழிநடத்தப் போனார். விடுமுறையில் தன் மாட்டுப்பண்ணையில் சாணம் அள்ளினார். 2011 ஏப்ரல் 5ஆம் திகதி கலிபோர்னியாவில் நாசா நிலையத்தில் நடந்த மாநாடு ஒன்றில் உரையாற்றி முடித்த சற்று நேரத்தில் இறந்தார். வயது 85. அவருடைய பிறந்தநாளான யூலை 28ஐ உலக ஈரல் அழற்சி நாளாக உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டிலிருந்தே கடைப்பிடிக்கத் தொடங்கியது.

தடுப்பூசி வந்து நாற்பது ஆண்டுகளுக்குமேல் ஆகியும் 2022இல் உலகில் 25 கோடியே 40 இலட்சம் பேர் ஹெப்பற்றைற்றிஸ் பி தொற்றோடு வாழ்ந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஊசி இல்லாமல் இல்லை. பிறந்த முதல் நாளில் அது பிள்ளையைப் போய்ச் சேராததும், தாயின் இரத்தம் சோதிக்கப்படாததும்தான் பெரிய குறை. தொற்று இருப்பது தெரிந்தால் குடும்பத்தில் பழி வரும் என்று பயந்து மறைப்பவர்களும் உண்டு. சேர்ந்து சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ இது பரவாது. ஒரு பெண்ணுக்கு இது அவருடைய தாயிடமிருந்தே வந்திருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவையும் மச்சாளிடம் திண்ணையில் இருந்து சொன்னேன். டில்லிக் கதையின்போது மட்டும் அவர் எழுந்து உள்ளே போய்விட்டு வந்தார். நான் சொல்லி முடித்ததும் நேரடியாக ஒரு விடயம் கேட்டார். மகளுக்குக் கண் மஞ்சளானால் எத்தனை நாள் பார்க்கலாம் என்று. ஒரு நாளும் பார்க்கக்கூடாது என்றேன். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கடும் நிறத்தில் போனாலோ, உடம்பெல்லாம் கடி எடுத்தாலோ, சத்தி நிற்காவிட்டாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். வைரசு மட்டுமல்ல, கர்ப்பத்தாலேயே வரும் ஈரல் கோளாறுகளும் உண்டு. எது என்று இரத்தத்தைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

அடுத்த புதன்கிழமை மகளுக்குக் கிளினிக். மச்சாள் கிளினிக் புத்தகத்தை எடுத்துவந்து, குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்க வேண்டியதைக் கடைசிப் பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார். இரண்டு கேள்விகள் எழுதினேன். மகளின் இரத்தத்தில் ஹெப்பற்றைற்றிஸ் பி சோதித்தாயிற்றா? இருந்தால் பிள்ளை பிறந்த அன்றே ஊசி போட என்ன ஏற்பாடு? மகள் அதை வாங்கி ஒருமுறை சத்தமாக வாசித்துவிட்டுப் புத்தகத்தைத் தன் பைக்குள் வைத்தாள்.

நான் புறப்படும்போது கீழ்காய்நெல்லி அதே சுளகில்தான் கிடந்தது. மச்சாள் அதைக் கொட்டவில்லை. நானும் கொட்டச் சொல்லவில்லை.